நாலு விரல் மிச்சம்

அத்தியாயம் 4

நாலு மணிக்குள் பூமாரி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் டைப் அடித்துத் தயாராக இருக்கிற புகார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். நாங்கள் பாப்பனங்கோட்டில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதில் அரை மணியை முதலாளி சத்தியநேசன் பேசியே தின்றுவிட்டார்.

சத்தியநேசன் மார்த்தாண்டத்துக்காரர். இருபத்தாறு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் கம்பியைக் கடைந்து பின், போல்ட் என்று செய்து கொடுக்கிறார். "திருடி யாருன்னு எனக்குத் தெரியும், அவ வாயால சொல்ல வைக்கணும்" என்று எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான். எங்களை என்றால் முதலில் என் மேடம் சீதாலக்ஷ்மி. வலியசாலை அக்ரகாரத்துக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் 'மாமி' என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அடுத்தது நான், இசக்கி. ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

விவகாரம் இதுதான். ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் செய்கிற ஒரு கம்பெனிக்கு இங்கிருந்து சின்னச் சின்ன பின்கள் போகின்றன. கத்தரியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிற பின். அதற்குக் காந்தம் ஒட்டாத நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் ஆகும். போன வாரம் போன பெட்டியில் பாதி பின்கள் ஆவியில் வைத்து எடுத்ததும் துருப்பிடித்துத் திரும்பி வந்துவிட்டன. நேற்றுச் சாயங்காலம் சத்தியநேசன் ஒரு காந்தத்தை எடுத்துப் பூமாரியின் மெஷின் அருகே இருந்த வாளிக்குள் விட்டார். ஒவ்வொரு கம்பி தீரும்போதும் மிஞ்சுகிற துண்டு விழுகிற வாளி அது. பன்னிரண்டு துண்டுகள் காந்தத்தோடு வெளியே வந்தன.

"நல்ல கம்பிய வெளிய தள்ளிட்டு மட்டக் கம்பிய மெஷின்ல விட்டிருக்கா" என்றார். "நல்ல கம்பிக்கு நுனியில நீல பெயின்ட் அடையாளம் உண்டு. நீலம் உள்ள நுனி எப்பவும் பின்னாலதான் நிக்கணும், கடைசித் துண்டுல நெறம் மிச்சம் இருக்கணும், அதாக்கும் இங்க முறை. அவ என்ன செய்தா தெரியுமா? மட்டக் கம்பித் துண்டுக்கெல்லாம் பொறவு நீலத்தப் பூசி வாளியில போட்டிருக்கா."

மேடம் வாளியைக் கேட்டார். காந்தத்தை விட்டோம். இன்றும் சரியாகப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. ஆனால் ஒன்றில்கூட நீலம் இல்லை.

சத்தியநேசன் வாயைப் பிளந்தார். அடுத்த நொடி, காலையில் வந்ததும் சுரண்டிவிட்டாள், இவளுக்கு எவ்வளவு தைரியம் என்று ஆரம்பித்தார். மேடம் அவரை ஆபீஸ் அறைக்குள் அனுப்பி, டீ குடிக்கச் சொல்லி, கதவையும் சாத்திவிட்டார். சொந்த வீட்டில் விருந்தாளியைப் போல அந்த மனிதர் உள்ளே போனார்.

பூமாரி கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ட்ரே மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கம். புருஷன் இறந்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, தானே பார்த்துப் பார்த்து மெஷின் கற்றவள். மடியில் அந்த ஒப்புதல் காகிதம் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் விஷயம் இந்தக் காம்பவுண்டுக்குள் முடியும், போலீஸ் வந்தால் நர்சிங் படிக்கிற மகள் அனுஷாவின் ஹாஸ்டல் வரைக்கும் போகும் என்றாள். போட்டுவிடலாமா என்று எங்களிடமே கேட்டாள்.

"போட்டா ஆயுசுக்கும் நீ திருடி. அது தெரியுமோல்லியோ?" என்றார் மேடம்.

"தெரியும் மேடம். ஆனா பிள்ளைக்குத் தெரியாம இருக்கும்லா."

எழுந்திரு, உன் மெஷின் எப்படி ஓடுகிறது என்று எனக்குக் காட்டு என்றார் மேடம். பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெஷின் பக்கத்தில் வந்ததும் ஆள் மாறிவிட்டாள். குரலே வேறு.

நீளக் கம்பி பின்பக்கமாக நுழைந்து, மெஷினின் நடுக் குழாய் வழியாக வந்து, முன்னால் எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்க்கிற வாயில் 'காலெட்' என்று ஒரு இரும்பு வளையம். அதில் மூன்று இடத்தில் நீளவாக்கில் கீறல் விட்டிருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு குழாய் வந்து அமுக்கினால் கீறல்கள் ஒடுங்கி, காலெட் கம்பியைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்விக்கொள்ளும். கம்பியோடு சேர்ந்து சுழலும். உளி வந்து கடைந்து பின்னை அறுத்துத் தள்ளும். உடனே காலெட் வாயைத் திறக்கும். பின்னால் 'ஃபிங்கர்' என்று இன்னொரு சின்னப் பிடி, கம்பியை எப்போதும் லேசாகப் பிடித்தபடியே நிற்கும். காலெட் திறந்த அந்த நொடியில் அது கம்பியை ஒரு பின் நீளத்துக்கு முன்னால் தள்ளும். காலெட் மறுபடி கவ்வும். ஃபிங்கர் கம்பி மேலேயே சறுக்கிப் பின்னால் போய் அடுத்த தள்ளலுக்குத் தயாராகும். நிமிஷத்துக்கு ஆறு தடவை இதே கூத்து.

"ஒருத்தன் பிடிக்கறான், ஒருத்தன் தள்றான். நம்ம ஆபீஸ் மாதிரி" என்றேன்.

"நீ ரெண்டுலயும் சேத்தி இல்ல" என்றார் மேடம். பிறகு பூமாரியிடம், "கம்பி தீரும்போது?" என்று கேட்டார்.

"பின்னால ஃபிங்கருக்குப் பிடிக்க எடமில்லாமப் போயிரும் மேடம். அதுக்கு மேல தள்ள முடியாது. காலெட்டுக்கும் ஃபிங்கருக்கும் நடுவுல மாட்டுன துண்டு அப்படியே நிக்கும். அடுத்த கம்பிய விடும்போது அதை எடுத்து வாளில போட்டுருவோம்."

மேடம் வாளியைக் கவிழ்த்தார். காந்தம் ஒட்டாத துண்டு ஒன்றை எடுத்துத் தன் விரல்களைக் குறுக்கே வைத்தார். நாலு விரல். இன்னொன்று, அதுவும் நாலு விரல். நூலளவு கூடக் குறைய இருந்தாலும் எல்லாம் நாலு விரல்தான். அடுத்துக் காந்தம் ஒட்டிய பன்னிரண்டையும் வரிசையாக வைத்தார். எல்லாம் மூன்று விரல்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காலெட்டுக்கும் ஃபிங்கருக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் மிச்சம். மெஷினைச் செய்தபோதே அமைந்த தூரம் அது. பூமாரியின் மெஷின் நாலு விரல் மிச்சம் வைக்கிற மெஷின். தலைகீழாக நின்றாலும் அதிலிருந்து மூன்று விரல் துண்டு விழாது.

"அப்போ மூணு விரல் மிச்சம் வைக்கறது எந்த மெஷின்?" என்று மேடம் கேட்டார்.

பூமாரி பக்கத்து மெஷினைப் பார்த்தாள், சட்டென்று தரையைப் பார்த்தாள். நான் போய்ப் பக்கத்து மெஷினின் வாளியைக் கிளறினேன். மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல். கேட் கொண்டிகளுக்கான சாதாரண இரும்பு, ஒரே பருமன், நிறம் கிடையாது, காந்தம் கண்டபடி ஒட்டுகிறது.

அந்த மெஷின்காரர் பெயர் வேல்சாமி. காலை ஏழு மணிக்கே, யாரும் வருவதற்கு முன் வந்திருக்கிறார். எட்டரைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, தோளில் ஒரு துணிப் பையோடு கிளம்பிவிட்டார். கேட்டில் இருந்தவரை விசாரித்தேன். பைக்குள் இரும்பு கிலுங்குகிற சத்தம் கேட்டதாம்.

"வயித்துவலிக்காரன் இரும்பைச் சுமந்துண்டு எங்கே போவான், இசக்கி?"

"ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான் மேடம். பழைய இரும்புக் கடைக்குப் போவான்."

இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறைகளின் துண்டு துணுக்கெல்லாம் போய்ச் சேருகிற இடம் சாலை பஜாரில் பொன்னம்மையின் கடை. ஸ்கூட்டரை எடுத்தேன். கரமனைப் பாலத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி, கிள்ளிப்பாலத்தில் ஒரு அரசியல் கோஷ்டி. இரண்டுக்கும் நடுவில் என் மேடம் பின் சீட்டிலிருந்து வழி சொல்லிக்கொண்டே வந்தார். இருபது நிமிஷப் பாதையில் ஒன்றேகால் மணி நேரம் போனது. சாலை பஜாருக்குள் நுழைந்தபின் அரிசி மூட்டை வண்டிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

வேல்சாமி அங்கேதான் இருந்தார். காலையிலிருந்து கடைத்தெருவையே சுற்றிவிட்டு, கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயது, சட்டைப் பையில் பீடிக்கட்டு. பொன்னம்மை பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் மனசிலாகல்ல கேட்டோ" என்று எங்களிடமே முறையிட்டாள். "நல்ல ஸ்டீலு. எடை போட வேண்டாம், துட்டு ஒண்ணும் தர வேண்டாம், குவியலுக்க அடியில போட்டா போதும்ங்கிறாரு. இந்தக் கடையில இப்பிடி ஒரு ஆள நான் கண்டதே இல்ல."

மேடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வேல்சாமி எழுந்து நின்றார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஒப்புக்கொண்டார்.

"நாந்தான் செஞ்சேன். பூமாரிக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய கூட்டிட்டுப் போங்க."

"நல்ல கம்பியை யாருக்கு வித்தேள்?"

"ஒருத்தருக்கு."

"பேரு?"

"கேக்கல."

"மட்டக் கம்பியை எங்கே வாங்கினேள்?"

வேல்சாமி பொன்னம்மையைப் பார்த்தார். பொன்னம்மை பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷத்தில் எத்தனையோ பொய்யைக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தயாரிப்பில்லாத பொய்யைக் கேட்டதில்லை.

"வேல்சாமி, திருடறவன் தடயத்தைத் தூக்கிண்டு போவான். அது நியாயம்" என்றார் மேடம். "தூக்கின இடத்துல, எண்ணி, தன்னோட மெஷின் துண்டைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போவானா? யாராவது அளந்து பார்த்து உங்களைப் பிடிக்கணும்னே வச்சிருக்கேள்."

அவ்வளவுதான். ஆள் இரும்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதெல்லாம் தலையைக் குனிந்தபடிதான். நேற்று முதலாளி கத்தியபோது அவரும் பக்கத்தில் நின்றிருக்கிறார். மகள் படிப்புக்காகப் பூமாரி ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் அவள் வாளியிலிருந்து காந்தம் ஒட்டிய பன்னிரண்டு துண்டுகளை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, தன் வாளியிலிருந்து பன்னிரண்டை அங்கே போட்டிருக்கிறார். தனக்குப் பிள்ளை குட்டி இல்லை, தான் உள்ளே போனால் கேட்க ஆளில்லை என்பது அவர் கணக்கு. ஒன்பது வருஷமாக அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாத ஒரு விஷயமும் இருந்தது. அதை அவர் எங்களிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே பொன்னம்மைக்குக்கூடப் புரிந்தது.

அதற்குள் மேடம் பையைப் பிரித்துத் துண்டுகளைக் கல்லா மேல் பரப்பியிருந்தார். எல்லாம் நாலு விரல். நுனியில் நீலம். பட்டறையிலிருந்து கைப்பையில் போட்டு எடுத்து வந்த ஒரு நல்ல துண்டைப் பக்கத்தில் வைத்தார். அதிலும் நீலம்தான், ஆனால் கம்பி செய்கிற கம்பெனியில் தெளித்த நீலம், நுனியில் மெல்லிசாகப் படிந்திருந்தது. இந்தப் பன்னிரண்டிலும் நீலம் ஒரு அங்குலத்துக்குக் கெட்டியாக அப்பியிருந்தது. ஒன்றில் பிரஷ் மயிர்கூட ஒட்டியிருந்தது.

"பாத்தேளா மேடம், பூசினதுதான்" என்றேன். என்னையறியாமல் வலியசாலை பாஷை வந்துவிட்டது.

"பூசினதுதான். எப்போ பூசினது? அதைப் பாரு." துண்டை வெயிலில் திருப்பிக் காட்டினார். நீலத்தின் மேல் நீளவாக்கில் மெல்லிய கோடுகள், நகத்தால் இழுத்தது போல. "வேல்சாமி, இது என்ன?"

"ஃபிங்கர் சறுக்குன கோடு மேடம். கம்பி முழுக்க இருக்கும். நாங்க கண்டுக்கிட மாட்டோம்."

"பெயின்ட் மேல கோடு இருக்கு. அப்போ முதல்ல பெயின்ட், அப்புறம் ஃபிங்கர். துண்டுக்கு யாரும் நீலம் பூசலை. மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பி நீலமா இருந்திருக்கு. நீலக் கம்பியைக் குடுத்தா, அந்த நுனியைப் பின்னால நிறுத்தி ஓட்டறது அவள் வேலை. ஓட்டியிருக்கா."

வேல்சாமி துண்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பக்கத்தில் மலையாகக் கிடந்த பழைய இரும்பைப் பார்த்தார். பொன்னம்மை மட்டும் சாதாரணக் கடைக்காரியாக இருந்திருந்தால், பூமாரியைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சி இந்நேரம் அந்த மலைக்கு அடியில் போயிருக்கும். போட்டவர் அவளைக் காப்பாற்ற வந்தவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"கம்பியை உங்களுக்கெல்லாம் யார் எடுத்துக் குடுக்கறா?"

"முதலாளிதான். ஸ்டோர் ரூம் சாவி அவர்ட்ட மட்டுந்தான் இருக்கு."

மணி மூன்றேகால். ஸ்கூட்டரில் இரண்டு பேருக்குத்தான் இடம். வேல்சாமியையும் பையையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி, முன்னால் நான் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். மேடம் இந்த முறை வழி சொல்லவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

உள்ளே நுழையும்போது நாலு அடிக்க ஏழு நிமிஷம். ஆபீஸ் அறையில் பூமாரி நின்றுகொண்டிருந்தாள், கையில் பேனா. எங்களைக் காணோம் என்றதும் நம்பிக்கை விட்டுப்போயிருக்கிறது. தன் பெயரில் முதல் எழுத்தை எழுதிவிட்டாள். மேடம் பேனாவை அவள் விரலிலிருந்து உருவி என்னிடம் கொடுத்தார். சத்தியநேசனிடம் ஸ்டோர் ரூம் சாவி வேண்டும் என்றார்.

"அங்க எதுக்கு? அது பூட்டிக் கெடக்குது. ஒருத்தரும் தொடல்ல."

"அதனாலதான் கேக்கறேன். பூட்டின ரூமைச் சோதிச்சுப் பார்க்க யாருக்குமே தோணாது."

கதவைத் திறந்தார். சுவரோரம் இரும்புத் தாங்கியில் கம்பிகள் நீல நுனியோடு வரிசையாகக் கிடந்தன. மேடம் காந்தத்தை என் கையில் கொடுத்தார். முதல் கட்டு ஒட்டவில்லை. இரண்டாவது கட்டும் ஒட்டவில்லை. சத்தியநேசன் லேசாகச் சிரித்தார். மூன்றாவது கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போதே காந்தம் என் கையை இழுத்துக்கொண்டு போய் டங்கென்று ஒட்டியது. அந்தக் கட்டில் நுனி நீலம் ஒரு அங்குலத்துக்குக் கெட்டியாக இருந்தது.

"இந்த நீலத்தைப் பூசினது யாரு?" என்று மேடம் கேட்டார். அதட்டவில்லை, சும்மாதான் கேட்டார்.

சத்தியநேசன் கம்பியின் நுனியைத் தடவினார். "நானாக்கும்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எனக்க கையாலதான் பூசினேன்."

பிறகு சொன்னார். கம்பி பன்னிரண்டு அடி நீளத்தில் வரும். அப்படியே கொண்டுவந்தால் ஆட்டோவில் ஏறாது, மெஷினுக்குப் பின்னாலும் இடம் பற்றாது. அதனால் சாலை பஜாரிலேயே பாதியாக வெட்டித்தான் வாங்கி வருவார்கள். வெட்டினால் ஒரு பாதியில்தான் கம்பெனியின் நீலம் இருக்கும், மறு பாதி மொட்டையாக வரும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து, மொட்டைப் பாதிகளுக்கெல்லாம் உட்கார்ந்து நீலம் பூசியிருக்கிறார். பழைய ஆர்டர் ஒன்றுக்கு வாங்கி மிஞ்சிய மட்டக் கம்பி ஒரு மூலையில் மொட்டையாகவே கிடந்திருக்கிறது. அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தவர், அதையும் நல்ல கம்பியின் மறு பாதி என்று எடுத்துப் பூசிவிட்டார். தானே பூசியது என்பதால்தான் இந்த அறைக்குள் காந்தத்தைக் கொண்டுவர அவருக்குத் தோன்றவே இல்லை.

நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். மழுப்பவில்லை. மேஜையில் இருந்த இரண்டு காகிதத்தையும் எடுத்து நாலாகக் கிழித்தார். கத்தரிக்கோல் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, தப்பு என்னுடையது, ஆப்பரேட்டர் மேல் குற்றமில்லை என்று சொன்னார். போனை வைத்துவிட்டுப் பூமாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப் போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். இருக்கட்டும் முதலாளி, உங்கள் பொருள் கெட்டுப்போனால் நீங்கள் சந்தேகப்படத்தானே செய்வீர்கள் என்றாள். நிஜமாகவே மன்னித்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது.

கேஸ் முடிந்தது என்று நான் ஹெல்மெட்டை எடுத்தேன். மேடம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

வேல்சாமி வாசலில் நின்றிருந்தார், கையில் அந்தத் துணிப் பை. காலையில் தான் செய்ததையெல்லாம் அவர் வழியிலேயே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். திக்காமல் சொல்லிவிட்டார். எதற்காகச் செய்தேன் என்பதையும், ஒன்பது வருஷமாகச் சொல்லாததையும் சேர்த்தே, எங்கள் நாலு பேர் முன்னாலும், சொல்லிவிட்டார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

பூமாரி முழுசாகக் கேட்டாள். அவள் முகம் மட்டும் மலரவில்லை.

"அப்போ நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீங்க" என்றாள்.

"எடுத்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் நெனச்சேன் பூமாரி."

"காலைல என் வாளில உங்க துண்டு கெடந்தத நானும் பாத்தேன். மூணு விரலுன்னு கண்டதுமே தெரிஞ்சுட்டு. நீங்க பையத் தூக்கிட்டுப் போனதும் தெரியும்." அவள் குரல் உயரவே இல்லை. "அப்பமும் நீங்க எடுத்திருப்பீங்கன்னு நான் ஒரு நிமிஷங்கூட நெனைக்கல."

பூமாரி தலைமுடியை முடிந்துகொண்டு அவரைக் கடந்து தன் மெஷினுக்குப் போனாள். காலெட் வாயைத் திறந்து, உள்ளே நின்றிருந்த கம்பியை உருவிக் கீழே போட்டாள். முதலாளி கொண்டுவந்து கொடுத்த புதுக் கம்பியில் தானே காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக நுழைத்தாள்.